கல்லாவில் தங்காத நாணயம்

கிரிப்டோ நாணயம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கேட்டால் உடனே ஒரு பெரிய எண் வந்து விழுகிறது. உலகில் 50 கோடிப் பேருக்கும் மேல் அதை வைத்திருக்கிறார்கள் என்கின்றன அந்தத் தொழில் சார்ந்த மதிப்பீடுகள். செயினாலிசிஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பயன்பாட்டுப் பட்டியலில் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் இந்தியாவுக்கே முதலிடம். ஆனால் சென்னையிலோ மதுரையிலோ எந்தக் காய்கறிக் கடையிலும் யாரும் பிட்காயின் கொடுத்துக் கத்தரிக்காய் வாங்குவதில்லை. பட்டியலும் பொய்யல்ல, காய்கறிக் கடையும் பொய்யல்ல. இரண்டும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன.

வைத்திருப்பது வேறு, புழங்குவது வேறு. தங்க நாணயத்தைப் பீரோவில் வைத்திருக்கும் குடும்பங்கள் கோடிக்கணக்கில் உண்டு. அதைக்கொண்டு யாரும் பேருந்துக்கு டிக்கெட் எடுப்பதில்லை. ஒன்று அன்றாடப் பணமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் மூன்று கேள்விகளைக் கேட்பேன். அதைச் சம்பளமாக வாங்கிக்கொள்ள ஒருவர் சம்மதிக்கிறாரா? மளிகைக் கடையில் அதைக் கொடுக்க முடிகிறதா? கடைக்காரர் அன்று மாலையே அதை மாற்றிக்கொள்ள ஓடாமல், அதையே மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிறாரா? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. கைமாறிக்கொண்டே இருப்பதுதான் பணம். ஓரிடத்தில் வந்து நின்று, வேறொன்றாக மாற்றப்பட்டுவிடுவது பணம் போகும் பாதையாக இருக்கலாம், பணம் ஆகாது.

அமெரிக்க மத்திய வங்கி ஆண்டுதோறும் குடும்பங்களின் பொருளாதார நிலை குறித்து ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. 2021இல் வயது வந்தோரில் 12 சதவீதத்தினர் கிரிப்டோவை வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ சொன்னார்கள். 2023இல் அது 7 சதவீதமாகக் குறைந்தது. இந்த 7 சதவீதத்திலும் பெரும்பாலோர் முதலீட்டுக்காக வைத்திருந்தவர்கள். பொருள் வாங்கவோ கட்டணம் செலுத்தவோ பயன்படுத்தியவர்கள் மொத்த மக்களில் ஏறத்தாழ ஒரு சதவீதம். கிரிப்டோ நிறுவனங்களின் விளம்பரங்கள் விளையாட்டு அரங்குகளின் பெயர்ப்பலகை வரை போன ஒரு நாட்டின் நிலை இது.

இத்தனைக்கும் இந்தத் தொழில்நுட்பம் பிறந்ததே பணம் கொடுத்து வாங்குவதற்காகத்தான். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை, வங்கி போன்ற இடையாள் இல்லாமல் ஒருவர் மற்றொருவருக்கு நேரடியாக மின்னணு ரொக்கம் அனுப்பும் முறையைத்தான் முன்வைத்தது. முதலீடு பற்றி அதில் பேச்சே இல்லை. 2010 மே 22 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு நிரலாளர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். 2014 வாக்கில் எக்ஸ்பீடியா போன்ற பெரிய நிறுவனங்களே பிட்காயினை ஏற்கத் தொடங்கின. அலை அங்கிருந்து திரும்பிவிட்டது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2017 டிசம்பரில் பிட்காயினைக் கைவிட்டது. ஒரு பரிவர்த்தனைக்கான கட்டணம் 20 டாலரை நெருங்கியதையும், பணம் வந்து சேர்வதற்குள் விலை மாறிவிடுவதையும் அது காரணமாகச் சொன்னது. அடுத்த மாதமே இணையக் கட்டணச் சேவை தரும் ஸ்ட்ரைப் நிறுவனமும் விலகுவதாக அறிவித்தது. டெஸ்லா 2021 மார்ச்சில் ஏற்றுக்கொண்டு மே மாதம் நிறுத்தியது.

கட்டணம் ஏறுவதற்குக் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. பிட்காயின் வலையமைப்பு சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதியாகக் கணக்குகளைப் பதிவு செய்கிறது. சராசரியாக ஒரு வினாடிக்கு ஏழு பரிவர்த்தனைகளுக்கு மேல் அதில் இடமில்லை. கூட்டம் அதிகமானால் யார் அதிகக் கட்டணம் தருகிறாரோ அவருடையது முதலில் ஏறும். விலை ஏறி எல்லோரும் ஆசைப்படும் நாளில்தான் அது செலவழிக்க லாயக்கற்றதாகிறது. இதைச் சரிக்கட்ட லைட்னிங் என்ற துணை வலையமைப்பு வந்தது. சிறு தொகைகளை அது வேகமாகவும் மலிவாகவும் கடத்துகிறது. ஆனால் விலை ஏறி இறங்குவதற்கு அதனிடமும் மருந்தில்லை.

இந்தத் தயக்கங்களையெல்லாம் ஒரு சட்டத்தால் தாண்டிவிடலாம் என்று ஓர் அரசு நம்பியது. எல் சால்வடோர் மத்திய அமெரிக்காவின் சின்னஞ்சிறு நாடு. மக்கள்தொகை 60 லட்சத்தைச் சற்றே தாண்டும். 2001இல் தன் சொந்த நாணயமான கோலோனை ஓரங்கட்டிவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறிய நாடு அது. வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் அங்கே பெரும்பான்மை. வேலை தேடி அமெரிக்கா போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதிபர் நயீப் புக்கேலே 2021 ஜூன் மாதம் மயாமியில் நடந்த பிட்காயின் மாநாட்டில் காணொளி வழியே தோன்றித் தன் திட்டத்தை அறிவித்தார். நான்கைந்து நாளில் சட்டம் நிறைவேறியது. 84 உறுப்பினர் கொண்ட அவையில் 62 பேர் ஆதரவு. செப்டம்பர் 7 முதல் நடைமுறை. அதன் ஏழாவது பிரிவு, பிட்காயின் கொடுக்கப்பட்டால் வணிகர் அதை ஏற்றே தீர வேண்டும் என்றது. உலகில் வேறெந்த நாடும் அதுவரை இப்படிச் செய்ததில்லை.

காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது. வங்கி இல்லாதவர்களுக்குக் கைபேசியே வங்கி. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குத் தரகு இல்லை. எல் சோன்டே என்ற கடலோரச் சிற்றூரில் 2019 முதல் ஒரு நன்கொடையாளரின் உதவியோடு உள்ளூர் பிட்காயின் புழக்கம் நடந்துகொண்டிருந்தது; அதை நாடு முழுக்க விரிக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. அரசு சிவோ என்ற பணப்பைச் செயலியை வெளியிட்டது. பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம். நாடெங்கும் சுமார் 200 சிவோ ஏடிஎம்கள். டாலராக மாற்றித் தருவதற்கென்றே 15 கோடி டாலர் நிதியம். இவ்வளவு செலவும் அரச பலமும் எந்தக் கிரிப்டோ நாணயத்துக்கும் அதற்கு முன் கிடைத்ததில்லை.

முதல் நாளே செயலி முடங்கியது. அன்றைக்கே பிட்காயினின் விலை 52,000 டாலர் அளவிலிருந்து 43,000 வரை இறங்கிவிட்டு ஓரளவு மீண்டது. தங்கள் அடையாள அட்டை எண்ணை வேறு யாரோ பதிவு செய்து 30 டாலரை எடுத்துக்கொண்டுவிட்டதாகப் பலர் புகார் சொன்னார்கள். செப்டம்பர் 15, விடுதலை நாளன்று, தலைநகர் சான் சால்வடோரின் தெருக்களில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது. சிவோ ஏடிஎம் கூடம் ஒன்று தீக்கிரையானது. இவற்றைத் தொடக்கக் காலத் தடுமாற்றம் என்று ஒதுக்கலாம். அதற்குப் பிறகு வந்த அமைதியைத்தான் ஒதுக்க முடியாது.

பொருளாதார ஆய்வாளர்களான ஃபெர்னாண்டோ ஆல்வரெஸ், டேவிட் அர்ஜென்டே, டயானா வான் பாட்டன் மூவரும் அங்கே 1,800 வீடுகளில் நேரடியாகக் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். 2022இல் வெளியான அது பிறகு சயின்ஸ் இதழிலும் வந்தது. செயலியைத் தரவிறக்கியவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இலவச 30 டாலரைச் செலவழித்த பிறகு அதைத் தொடவே இல்லை. ஐந்தில் ஒருவர் அந்த 30 டாலரைக்கூடச் செலவழிக்கவில்லை. தரவிறக்கங்களில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே முடிந்துபோனது. 2022இல் புதிதாக எடுத்தவர்கள் கிட்டத்தட்ட இல்லை. தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தால், படித்த, இளவயது, ஏற்கெனவே வங்கிக் கணக்கு உள்ள ஆண்கள். சட்டம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ அவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

கடைகளின் பக்கம் பார்த்தால் இன்னும் தெளிவு. சட்டம் எல்லோரும் ஏற்க வேண்டும் என்றது. ஏற்றவை ஐந்தில் ஒரு நிறுவனம், அவற்றிலும் பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள். பிட்காயினாக வந்ததை டாலராக மாற்றிக்கொள்வதாகச் சொன்னவர்கள் 88 சதவீதம். என் மூன்றாவது கேள்விக்கு அங்கே கிடைத்த பதில் இதுதான். கல்லாவுக்கு வந்த பிட்காயின் அங்கே தங்கவில்லை.

ஏன் தங்கவில்லை என்பதைத் தெருவோரத்தில் பூப்பூசா சுடும் ஒரு பெண்ணின் கணக்கிலிருந்து பார்க்கலாம். சோளமாவில் பாலாடைக்கட்டியோ பயறோ வைத்துத் தட்டிக் கல்லில் சுடும் அந்த நாட்டின் அன்றாட உணவு அது. ஒன்றின் விலை ஒரு டாலருக்குள்தான். அவருக்கு மாவு, எரிவாயு, வாடகை எல்லாம் டாலரில். வாடிக்கையாளர் கைபேசியில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பிட்காயின் அனுப்புகிறார் என்று வையுங்கள். செயலியில் டாலர் இருப்பு, பிட்காயின் இருப்பு என்று இரண்டு பக்கங்கள். பிட்காயின் பக்கத்திலேயே விட்டால் நாளை காலை மாவு வாங்கும்போது அந்தத் தொகை எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. டாலர் பக்கத்துக்கு மாற்றிவிட்டால் நிம்மதி. ஆனால் டாலராகத்தான் மாற்றப் போகிறோம் என்றால், வாடிக்கையாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு டாலரை எடுத்து நீட்டுவதில் என்ன குறை? ரொக்கத்துக்கு நெட்வொர்க் சிக்னல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், பெயர் பதிவும் வேண்டாம். மக்கள் சிவோவைத் தவிர்த்ததற்கு அந்த ஆய்வில் சொன்ன முதன்மைக் காரணங்களும் இவைதாம்: ரொக்கமே பிடித்திருக்கிறது, செயலியின்மீதும் பிட்காயின்மீதும் நம்பிக்கை வரவில்லை.

இலவசமாகக் கிடைத்த அந்த 30 டாலரையே எடுத்துக்கொள்வோம். பிட்காயின் 47,000 டாலராக இருந்தபோது அதைத் தொடாமல் விட்டவருக்கு 2022 நவம்பரில் மிஞ்சியது 10 டாலர் சொச்சம். 2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சத்தைத் தாண்டியபோது அதே தொகை 60 டாலருக்கும் மேல். பொறுத்திருக்க முடிந்தவருக்கு அது லாபம். ஆனால் மூன்று ஆண்டு பொறுத்திருக்க முடிகிறவர் அன்றாடச் செலவுக்கு அந்த 30 டாலரை நம்பியிருப்பவர் அல்லர். மதிப்பு ஏறும் என்று நம்புகிறவர் செலவழிக்க மாட்டார், இறங்கும் என்று அஞ்சுகிறவர் வாங்கிக்கொள்ள மாட்டார். இரண்டு பக்கமும் பணத்தின் ஓட்டம் நின்றுபோகிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தின் கதையும் இதேதான். ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் வரும் அந்தத் தொகையில் கிரிப்டோ பணப்பைகள் வழியாக வந்தது, நாட்டின் மத்திய வங்கிக் கணக்கின்படியே, இரண்டு சதவீதத்தை எட்டவில்லை. பிறகு ஒரு சதவீதத்தை ஒட்டி இறங்கியது. அமெரிக்காவிலிருந்து எல் சால்வடோருக்குப் பணம் அனுப்பும் கட்டணம் முன்பிருந்தே உலகச் சராசரியைவிடக் குறைவு. வேலை முடிந்து ரொக்கமாகக் கூலி வாங்கும் ஒருவர் தெருமுனை முகவரிடம் கொடுத்துவிட்டு வந்தால் ஊரில் தாய் ரொக்கமாக எடுத்துக்கொள்கிறார். அந்த இரண்டு முனைகளிலும் இருப்பது ரொக்கம். நடுவில் உள்ள குழாயை மாற்றியதால் மட்டும் அவர்களுக்குப் பெரிதாக மிச்சமாகவில்லை. கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பேசா சில ஆண்டுகளிலேயே நாட்டின் அன்றாடப் பணமாக மாறியது. ஊர்தோறும் பெட்டிக்கடை அளவில் முகவர்கள் உட்கார்ந்து, ரொக்கத்தைக் கைபேசி இருப்பாகவும் கைபேசி இருப்பை ரொக்கமாகவும் மாற்றிக்கொடுத்ததுதான் அதற்குக் காரணம். அதில் புழங்கியது கென்ய ஷில்லிங். யாரும் புது நாணயத்தின் மதிப்பைக் கற்க வேண்டியிருக்கவில்லை.

எல் சால்வடோரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்புகளில் பிட்காயினைப் பயன்படுத்தவே இல்லை என்றவர்கள் 2023க்கு 88 சதவீதம். 2024க்கு 92 சதவீதம். 2024 டிசம்பரில் சர்வதேச நிதியத்திடம் 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு எட்டப்பட்டது. அதன் நிபந்தனைகளுக்கு ஏற்ப 2025 ஜனவரி 29 அன்று சட்டம் திருத்தப்பட்டது. வணிகர்கள் ஏற்பது இனி விருப்பம். வரியைப் பிட்காயினில் கட்ட முடியாது. சிவோவிலிருந்து அரசு படிப்படியாக விலகும். அரசின் கையிருப்பில் 6,000 பிட்காயினுக்கும் மேல் இருக்கிறது. அந்த நாட்டில் பிட்காயினைத் தொடர்ந்து பிடித்து வைத்திருப்பது அரசு, அதுவும் முதலீடாக.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு 2022 ஏப்ரலில் இதே வழியில் போனது. இணைய வசதி பத்தில் ஒருவரை எட்டுவதே அரிதாக இருந்த நாடு அது. ஓராண்டுக்குள் அந்தச் சட்டத் தகுதியை நீக்கிவிட்டார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை.

இங்கேயே நிறுத்தினால் கிரிப்டோ அன்றாட வாழ்வில் நுழையவே இல்லை என்று எழுதிவிடலாம். அது பாதி உண்மைதான். அரசு தடுத்த ஓரிடத்தில் அது நுழைந்திருக்கிறது. அங்கேதான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

நைஜீரிய மத்திய வங்கி 2021 பிப்ரவரியில், கிரிப்டோ வணிகத்துக்குச் சேவை செய்யக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தன் சொந்த டிஜிட்டல் நாணயமான இ-நைராவை வெளியிட்டது. அரசு தடுத்ததை மக்கள் பிடித்துக்கொண்டு, கொடுத்ததை விட்டுவிட்டார்கள். எந்த வாரத்தை எடுத்தாலும் இ-நைரா பணப்பைகளில் 98.5 சதவீதம் அசையாமல் கிடந்தன என்று சர்வதேச நிதியத்தின் ஆய்வு ஒன்று 2023இல் காட்டியது. கிரிப்டோவோ வங்கியின் வாசலை விட்டுவிட்டுக் கைக்குக் கை மாறும் சந்தையாக வளர்ந்தது. செயினாலிசிஸ் பட்டியலில் 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் நைஜீரியா இரண்டாமிடம்.

அங்கே தேவை நிஜமானது. வெளிநாட்டு இணையச் செலவுக்கு வங்கி அட்டையில் மாதத்துக்கு 20 டாலர்தான் என்று 2022இல் வங்கிகள் வரம்பு வைத்தன. சில வங்கிகள் அதையும் நிறுத்தின. லேகோஸில் உட்கார்ந்து ஐரோப்பிய நிறுவனத்துக்கு நிரல் எழுதும் இளைஞர் கூலியை வாங்கவும், சீனாவிலிருந்து உதிரிபாகம் தருவிக்கும் சிறுவணிகர் பணம் கட்டவும், வெளிநாட்டில் படிக்கும் மகளுக்குக் கட்டணம் அனுப்பவும் வங்கி வழி அடைபட்டுக் கிடந்தது. 2023 ஜூனில் நைராவைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். ஒரு டாலருக்கு 470 நைரா அளவில் இருந்தது, 2024 பிப்ரவரியில் 1,500ஐத் தாண்டியது. சம்பளத்தை நைராவில் வைத்திருந்தவர்கள் எட்டு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தார்கள்.

அவர்கள் கையில் எடுத்தது பிட்காயின் அன்று. பெரும்பாலும் டெதர் என்ற ஸ்டேபிள்காயின். ஒரு டெதர் எப்போதும் ஒரு டாலர் என்று அதை வெளியிடும் நிறுவனம் உறுதி சொல்கிறது. பரிமாற்றம் நடக்கும் விதம் இப்படி. விற்பவர் தன் டெதரை இத்தனை நைராவுக்குத் தருவதாகத் தளத்தில் பட்டியலிடுகிறார். வாங்குபவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும், அந்த டெதரைத் தளம் நடுவில் பூட்டிவைக்கிறது. வாங்குபவர் தன் வங்கிச் செயலியிலிருந்து விற்பவரின் கணக்குக்கு நைராவை அனுப்பிவிட்டு 'கட்டிவிட்டேன்' என்று அழுத்துகிறார். விற்பவர் தன் வங்கிக் கணக்கைத் திறந்து பணம் வந்ததை உறுதி செய்து பூட்டை விடுவிக்கிறார். நல்லபடி நடந்தால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. பணம் வந்துவிட்டதாகப் போலிக் குறுஞ்செய்தி அனுப்பி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. குறுஞ்செய்தியை நம்பாதே, இருப்பைப் பார் என்பதே இந்தச் சந்தையில் முதல் பாடம். பெயர் பொருந்தாத கணக்கிலிருந்து பணம் வந்தால் அனுபவசாலிகள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது திருட்டுப் பணமாக இருந்தால் வங்கி தங்கள் கணக்கையே முடக்கிவிடும்.

மத்திய வங்கி 2023 டிசம்பரில் தன் தடையைத் தளர்த்தியது. இரண்டே மாதத்தில், நைராவின் வீழ்ச்சிக்கு இந்தச் சந்தைதான் காரணம் என்று சொல்லி அரசு கிரிப்டோ தளங்களை முடக்கியது. பைனான்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனத்தின் அதிகாரிகள் இருவரைத் தடுத்து வைத்தது. அந்த நிறுவனம் நைரா சேவையை நிறுத்தியது. சந்தை வேறு செயலிகளுக்கும் டெலிகிராம் குழுக்களுக்கும் நகர்ந்தது. காய்ச்சலுக்கு வெப்பமானியைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. நைரா சரிந்ததால்தான் மக்கள் டெதரைத் தேடினார்கள் என்பது என் கணிப்பு.

என் மூன்று கேள்விகளை நைஜீரியாவில் வைத்துப் பார்த்தால் முதலாவதற்கு ஆம் என்ற பதில் கிடைக்கிறது: டெதரில் கூலி வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. சோறும் பெட்ரோலும் நைராவில்தான். மூன்றாவதற்கு, இறக்குமதி வணிகர் வட்டத்தில் ஓரளவு ஆம். ஆகவே அங்கே கிரிப்டோ அன்றாடப் பணமாகவில்லை. அன்றாடச் சேமிப்பாகவும் எல்லை கடந்து பணம் அனுப்பும் வழியாகவும் ஆகியிருக்கிறது. 2023இல் 211 சதவீதப் பணவீக்கத்தையும் டாலர் வாங்கக் கடும் கட்டுப்பாட்டையும் கண்ட அர்ஜென்டினாவிலும், மிகைப் பணவீக்கத்துக்குப் பேர்போன வெனிசுவேலாவிலும், துருக்கியிலும் இதே வார்ப்புதான். வெனிசுவேலா அரசு 2018இல் வெளியிட்ட பெட்ரோ என்ற சொந்தக் கிரிப்டோவை யாரும் சீந்தவில்லை. 2024 ஜனவரியில் அது மூடப்பட்டது. டெதர் அங்கே கடைகளின் கணக்கு வரை வந்துவிட்டது.

ஆக, உண்மையில் பரவியிருப்பது எது? அரசுகளின் பிடியில் இல்லாத நாணயம் என்ற கனவு பரவவில்லை. அமெரிக்க டாலர் பரவியிருக்கிறது. டெதர் நிறுவனம் தன் நாணயங்களுக்கு ஈடாக 100 பில்லியன் டாலருக்கும் மேல் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்கா ஸ்டேபிள்காயின்களுக்கென்றே ஜீனியஸ் சட்டம் என்ற தனிச் சட்டம் இயற்றியது. லேகோஸில் ஒருவர் தன் சேமிப்பை டெதராக மாற்றும்போது, அவர் அறிந்தோ அறியாமலோ அமெரிக்க அரசுக்குக் கடன் கொடுக்கிறார். அந்தக் கடனுக்கான வட்டி நிறுவனத்துக்குப் போகிறது, அவருக்கு ஒன்றுமில்லை. இந்த நிறுவனம் தன் தலைமையகத்தை எங்கே மாற்றப்போவதாக அறிவித்தது என்பதும் கவனிக்க வேண்டியது: எல் சால்வடோருக்கு, 2025 ஜனவரியில். பிட்காயினைக் கட்டாயமாக்கிய சட்டம் தளர்த்தப்பட்ட அதே மாதம்.

இது ஏழைகளுக்கான விடுதலை என்று சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு உறுத்தல் வருகிறது. தேவை நிஜம் என்பதை மறுக்கவில்லை. தன் அரசு தன் சேமிப்பைக் கரைக்கும்போது டாலரைத் தேடுவது ஒருவரின் உரிமை. 2022 டிசம்பரில் ஐ.நா. அகதிகள் முகமை உக்ரைனில் இடம்பெயர்ந்தவர்களுக்கு யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயின் மூலம் உதவித்தொகை அனுப்பிப் பார்த்தது. பெற்றவர்கள் மணிகிராம் கிளைகளில் அதை ரொக்கமாக மாற்றிக்கொண்டார்கள். எல்லை தாண்டி ஓட வேண்டியவருக்கு அது பெரிய உதவி. ஆனால் இந்த டாலர் வங்கியில் இருக்கும் டாலர் போன்றதல்ல. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது அதில் யுஎஸ்டிசியின் 330 கோடி டாலர் ஈட்டுத்தொகை சிக்கிக்கொண்டது. ஒரு டாலர் என்றிருந்த நாணயம் 87 சென்ட் அளவுக்கு இறங்கி, அமெரிக்க அரசு வைப்பாளர்களுக்கு உறுதியளித்த பிறகே மீண்டது. 2022 மே மாதம் விழுந்த டெர்ரா என்ற மற்றொரு நாணயம் மீளவே இல்லை. டெதர் நிறுவனம் தான் விரும்பும் முகவரியில் உள்ள நாணயத்தை முடக்க முடியும். சட்ட அமலாக்க அமைப்புகள் கேட்டபோது முடக்கியும் இருக்கிறது. தவறாக முடக்கப்பட்ட லேகோஸ் வணிகர் எந்த மேசையில் போய் மனுக் கொடுப்பார்?

இந்தியாவுக்கு வருகிறேன். முதலிடம் எப்படி வந்தது? செயினாலிசிஸ் கணக்கு, ஒரு நாட்டுக்குள் வரும் கிரிப்டோ மதிப்பை இணையத் தளங்களின் வருகையாளர் எண்ணிக்கை வழியாக மதிப்பிட்டு, அதை மக்களின் வாங்கும் திறனோடு பொருத்திப் பார்க்கிறது. வருமானம் குறைந்த, மக்கள்தொகை மிகுந்த நாடு அதில் மேலே வரும். வாங்கி விற்கும் ஆர்வத்தை அது அளக்கிறது. அந்த ஆர்வம் இங்கே இளைஞர்களிடையே மெய்யாகவே பெரிது. கொடுக்கல் வாங்கல் என்று வந்தால் கதை வேறு. 2018இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு விதித்த தடையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது ஒரு சதவீதம் பிடித்தம். கிரிப்டோ கொடுத்து ஒரு பொருள் வாங்கினாலும் அது சட்டப்படி விற்பனைதான். ஒரு காபிக்காக யாராவது அந்தக் கணக்கை எழுதுவார்களா?

எழுத வேண்டிய தேவையும் இல்லை. 2016இல் வந்த யுபிஐ 2024-25 நிதியாண்டில் 18,500 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. சராசரியாக நாளொன்றுக்கு 50 கோடி. பிட்காயின் வலையமைப்பின் மூலச் சங்கிலியில் உலகம் முழுவதும் சேர்த்தே ஒரு நாளைக்குப் பதிவாவது சில லட்சம். பூக்கூடையின் ஓரத்தில் க்யூஆர் அட்டையைச் செருகிவைத்திருக்கும் பூக்காரம்மாவுக்குப் பணம் ரூபாயாக, அந்த நொடியே, கட்டணமின்றி வருகிறது. உள்ளூர் நாணயம் ஓரளவு நிலையாகவும் அதை அனுப்பும் வழி சுலபமாகவும் இருக்கும் இடத்தில் கிரிப்டோவுக்கு அன்றாடத்தில் வேலையில்லை என்பதற்கு இந்தியாவைவிடப் பெரிய சான்று தேவையில்லை. அதனால்தான் ஒரு நாட்டில் ஸ்டேபிள்காயின் மளிகைக் கடை வரை வந்துவிட்டது என்று செய்தி வந்தால், அந்தத் தொழில்நுட்பத்தின் வெற்றியை அல்ல, முதலில் அந்த நாட்டு மத்திய வங்கியின் நிலையைத்தான் நான் விசாரிப்பேன்.

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பொன்று இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 2024 ஜூலையில் இணையக் கொள்ளைக்கு உள்ளான ஒரு பரிமாற்றத் தளத்தில், கொள்ளைபோகாத வேறு நாணயத்தை வைத்திருந்த ஒருவரின் கணக்கும் முடக்கப்பட்டிருந்தது. நஷ்டத்தை எல்லாரும் பகிர வேண்டும் என்று தளம் சொன்னது. கிரிப்டோ என்பது நாணயம் அன்று, ஆனால் ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கக்கூடிய சொத்து என்று நீதிமன்றம் கூறி, மனுதாரருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. வைத்திருப்பவருக்கு இப்போது ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது. புழங்குகிறவரின் நிலை வேறு. நைஜீரியாவில் நடப்பது போன்ற கைக்குக் கை விற்பனை இங்கேயும் நடக்கிறது. டெதரை விற்றவரின் வங்கிக் கணக்குக்கு வந்த ரூபாய் எங்கோ ஒருவர் இணைய மோசடியில் பறிகொடுத்ததாக இருந்து, அவர் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் செய்திருந்தால், விற்றவரின் கணக்கு முடங்கிவிடும். அதை விடுவிக்க அவர் பெரும்பாலும் வேறு மாநிலத்துச் சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு எழுத வேண்டியிருக்கும், சில நேரம் நேரிலேயே போக வேண்டியிருக்கும். அதுவரை மாதச் சம்பளம் விழுவதும் வீட்டுக் கடன் தவணை கழிவதும் அந்த ஒரே கணக்கில்தான்.